பயிற்சியா, செருப்பா, இன்சோலா? பாதம் சாய்ந்து நடப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"உங்களுக்குத் தட்டைப் பாதம்" என்று யாராவது ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அடுத்த வாரத்துக்குள் நாலு யோசனை வந்து சேரும். பிசியோதெரபிஸ்ட் பயிற்சி சொல்லித் தருவார். ஷூ கடையில் உள்ளங்காலின் உள்வளைவைத் தாங்கும் ஷூவை எடுத்துக் காட்டுவார்கள். மருந்துக்கடையில் ஷூவுக்குள் வைக்கும் சிலிகோன் இன்சோல் தொங்கும். பாதத்தை ஸ்கேன் செய்யும் இடத்தில், அளவெடுத்துச் செய்த இன்சோலுக்குச் சில ஆயிரங்கள் கேட்பார்கள். எல்லாமே நல்லது மாதிரித்தான் தெரியும். எதை முதலில் செய்வது என்பதில்தான் குழப்பம்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க இரண்டு கேள்விகள் பெரும்பாலும் போதும். வலி எங்கே, எப்போது வருகிறது? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உங்கள் காலில் என்ன இருக்கிறது? பாதத்தின் வடிவம் இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. வீட்டுக்குள் வெறுங்காலோடு இருக்கும் நம் பழக்கத்தில், வாங்கிய பொருள் பலன் தருமா தராதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

## ஓர் அடி எடுத்து வைக்கும்போது நடப்பது

குதிகாலின் வெளிப்பக்கப் பின் ஓரம்தான் முதலில் தரையைத் தொடும். உடனே பாதம் சில டிகிரி உள்பக்கமாக உருளும், உள்வளைவு சற்றுத் தாழும், கீழ்க்கால் எலும்பும் கூடவே உள்நோக்கித் திரும்பும். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் மேடுபள்ளத்துக்கு வளைந்து கொடுப்பதும் இந்த உருளலின் வேலை. பிறகு பாதம் நேர் எதிராக மாற வேண்டும். குதிகால் எழும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்குகிறது. குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலின் அடியில் ஓடும் தடித்த நார்ப்பட்டை, கிணற்று உருளையில் கயிறு சுற்றுவதுபோல் இறுகுகிறது. வளைவு மேலேறி, தளர்ந்து கிடந்த பாதம் கடப்பாரைபோல் விறைத்து உடலை முன்னே தள்ளுகிறது. 1954இல் ஹிக்ஸ் இந்தப் பொறிமுறையை விளக்கினார். நீங்களே பார்க்கலாம்: நேராக நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவரை உங்கள் பெருவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். உள்வளைவு எழும்புவது கண்ணுக்குத் தெரியும்.

தட்டைப் பாதத்தில் உருளல் நேரத்துக்கு முடிவதில்லை. பாதம் இன்னும் தளர்ந்திருக்கும்போதே குதிகாலைத் தூக்க வேண்டியிருக்கிறது. அதனால் விரல் நுனிகள் வெளிப்பக்கம் திரும்பி, பெருவிரலின் உள் ஓரத்தால் தள்ளி நடக்கிறார்கள். கணுக்காலின் உள்பக்கமாக வந்து வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாண் அளவுக்கு மேல் உழைக்கிறது. வலி வந்தால் பெரும்பாலும் உள்கணுக்கால், உள்ளங்கால், குதிகால், கீழ்க்காலின் உள் ஓரம் என்ற வரிசையில் தேடலாம்.

உயர்வளைவுப் பாதம் இதற்கு மறுதலை. அது உருள்வதே குறைவு என்பதால் அதிர்ச்சி முழுவதையும் குதிகாலும் முன்பாதமும் வாங்கிக்கொள்கின்றன. பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே தோல் காய்த்துப்போகும். கணுக்கால் வெளிப்பக்கமாக அடிக்கடி பிசகும்.

வடிவம் இப்படி இருக்கிறது என்பதாலேயே அது நோய் ஆகிவிடாது. பாதத்தின் ஆறு இடங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் −2 முதல் +2 வரை மதிப்பெண் போடும் ஒரு குறியீடு மருத்துவர்களிடம் உண்டு. அவற்றின் கூட்டுத்தொகை 0 முதல் +5 வரை இயல்பு, +6 முதல் +9 வரை உள்சாய்வு, +10இலிருந்து மிகை உள்சாய்வு. இயல்பின் எல்லையே உள்சாய்ந்த பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். ஆரோக்கியமான பெரியவர்களின் பாதம் சற்று உள்ளே சாய்ந்துதான் இருக்கும். டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே வகைச் சாதாரண ஷூ கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2014இல் வெளியான முடிவு: உள்சாய்ந்த பாதம் உள்ளவர்களுக்குக் காயம் கூடவில்லை. வலியில்லாத தட்டைப் பாதத்துக்குப் பணம் செலவழிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

## தேர்வுக்கு முன் பத்து நிமிடச் சோதனை

நுனிக்கால் சோதனை. சுவரை லேசாகத் தொட்டபடி இரண்டு கால் நுனியிலும் எழும்புங்கள். பின்னாலிருந்து ஒருவர் பார்க்கட்டும். வளைவு தோன்றி, குதிகால் உள்பக்கம் திரும்பினால் அது வளைந்து கொடுக்கும் தட்டைப் பாதம்; கீழே சொல்லும் வழிகள் எல்லாம் அதற்குப் பொருந்தும். வளைவு தோன்றவே இல்லை என்றால் இறுகிய பாதமாக இருக்கலாம். அதற்கு எக்ஸ்ரே பார்க்க வேண்டும்.

ஒற்றைக்கால் எழும்பல். ஒரு காலில் நின்று குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். வலியில்லாத இளவயதினரால் இருபதுக்கு மேல் முடியும். பத்துக்குள் நின்றுவிட்டால் பலம் போதவில்லை. ஒன்றுகூட முடியவில்லை, உள்கணுக்காலும் வீங்கியிருக்கிறது என்றால் வளைவைத் தூக்கிப் பிடிக்கும் அந்த உள்கணுக்கால் தசைநாண் பழுதடைந்து வரலாம்.

சுவர்-முட்டி சோதனை. பெருவிரல் நுனியைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள். குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். முடியவில்லை என்றால் கெண்டைக்கால் இறுகியிருக்கிறது. "நான் இந்தியன் டாய்லெட்டில் நன்றாக உட்காருகிறேனே" என்று சொல்பவர்கள் இங்கே ஏமாறுவதுண்டு. கணுக்கால் மடங்காதபோது உள்வளைவைச் சரித்துவிட்டும் குந்தி உட்கார முடியும். அதனால் இந்தச் சோதனையைச் செய்யும்போது வளைவு தரையில் சரியாமல், முட்டி இரண்டாம் விரலுக்கு நேராகப் போக வேண்டும்.

பழைய செருப்பு. ஹவாய் செருப்பின் குதிகால் தடத்தைப் பாருங்கள். வெளிப்பின் ஓரம் தேய்ந்திருந்தால் அது எல்லாருக்கும் வருவதுதான். காலடி அங்கேதான் முதலில் விழுகிறது. அதை வைத்து "நீங்கள் வெளிப்பக்கம் சாய்கிறீர்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குதிகால் பள்ளம் நடுவில் இல்லாமல் உள் ஓரத்துக்கு நகர்ந்து, செருப்பின் விளிம்பே அங்கே நசுங்கியிருந்தால்தான் உள்சாய்வு அதிகம். விரல்கள் இருக்கும் இடத்தில் ஐந்து ஆழமான குழிகள் தெரிந்தால், செருப்பு கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வோர் அடியிலும் விரலால் பற்றிக்கொண்டு நடக்கிறீர்கள்.

ஈரக் காலைச் சிமெண்டுத் தரையில் பதித்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. குழந்தைகளுக்கும் எடை கூடியவர்களுக்கும் உள்ளங்காலில் கொழுப்பு இருப்பதால், நல்ல வளைவுகூடத் தட்டையாகப் பதியும். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

## ஒப்பீட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

- நாற்பது வயதுக்கு மேல் ஒரே பாதம் மட்டும் புதிதாகத் தட்டையாகி வருபவர்கள்.
- சர்க்கரை நோய் இருந்து, ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து வீங்கியவர்கள். வலி இல்லாவிட்டாலும் எலும்பு உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல், அன்றே போக வேண்டும்.
- வளைவு ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போய், விரல்கள் மடங்கி, கால் மெலிபவர்கள். இது நரம்பு சார்ந்ததாக இருக்கலாம்.
- இரவில் படுத்திருக்கும்போதும் வலிப்பவர்கள்.

## எதை வைத்து எடைபோடுகிறோம்

முதல் அளவுகோல், ஒரு நாளில் அந்த வழி உண்மையில் எத்தனை மணி நேரம் காலில் வேலை செய்யும் என்பது. இரண்டாவது, பலன் தெரிய எத்தனை வாரம் ஆகும். மூன்றாவது, வாங்கும் விலையோடு மறுபடி மறுபடி வரும் செலவு. நான்காவது, தவறாகப் போனால் என்ன ஆகும். ஐந்தாவது, உள்ளங்காலில் உணர்வு சரியாக இருக்கிறதா. சர்க்கரை நோயாளிகளுக்கு இதுவே முதலில் வர வேண்டியது.

மணிக்கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள். காலை 5.30க்கு எழுந்து இரவு 10க்குப் படுக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சமையலறை டைல்ஸ் தரையில் காலையும் மாலையுமாக ஐந்து மணி நேரம் வெறுங்காலோடு நிற்கிறார். வெளியே போகும்போது ஒன்றரை மணி நேரம் ஹவாய் செருப்பு. ஷூ போடுவதே இல்லை. அவருக்கு எத்தனை விலையுயர்ந்த ஷூ இன்சோல் கொடுத்தாலும் அது வேலை செய்யும் நேரம் பூஜ்யம். பத்து மணி நேரம் பூட்ஸ் போடும் காவலருக்கோ பாதுகாவலருக்கோ கணக்கு தலைகீழ். ஒரே பாதம், ஒரே வலி. ஆனால் இருவருக்கும் சரியான தேர்வு வேறு.

## வழி 1: பயிற்சி

இது ஒன்றுதான் வெறுங்காலிலும் வேலை செய்கிறது. அதனால்தான் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இதை முதலில் வைக்கிறோம்.

பாதம் சுருக்குதல். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதியுங்கள். விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிமேட்டைக் குதிகாலை நோக்கி இழுப்பதுபோல் உள்ளங்காலைச் சுருக்குங்கள். வளைவு சற்று எழும்பும். 5 விநாடி நிறுத்தி விடுங்கள். 10 தடவை, மூன்று சுற்று. இரண்டு வாரம் கழித்து நின்றபடி, பிறகு ஒற்றைக்காலில். விரல் நகங்கள் வெளுத்தால் விரலை மடக்குகிறீர்கள். பெருவிரல் மேடு தரையைவிட்டு எழுந்தால் முன்பக்கத் தசையால் ஏமாற்றுகிறீர்கள். முதல் வாரம் உள்ளங்காலில் குரக்களி பிடிப்பது சாதாரணம். விட்டு விட்டுச் செய்யுங்கள்.

குதிகால் எழும்பல். இரண்டு குதிகாலுக்கும் நடுவில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, அது விழாமல் அழுத்தியபடி எழும்புங்கள். பந்து இல்லாவிட்டால் பலருக்குக் குதிகால் வெளிப்பக்கம் விலகும். உள்பக்கத் தசைநாணுக்கு வேலை குறையும். 3 விநாடி ஏறி, 2 விநாடி நின்று, 3 விநாடி இறங்க வேண்டும். 12 தடவை, 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமானதும் ஒற்றைக்கால், அதுவும் சுலபமானால் முதுகுப் பையில் புத்தகங்களைப் போட்டு எடை கூட்டுங்கள்.

காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் குதிகால் வலிக்கு இதில் சிறு மாற்றம்: படிக்கட்டின் ஓரத்தில் நின்று, விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரல் மடங்கியே இருப்பதால் நார்ப்பட்டைக்கு நேரடியாகச் சுமை போகும். டென்மார்க்கில் 48 பேரிடம் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். மூன்றாம் மாதத்தில், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட இவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்திருந்தது. ஓராண்டில் இரு குழுவும் சமமாகிவிட்டன. ஆக, இது சீக்கிரம் குணம் தருகிறது. முழு நம்பிக்கையோடு பரிந்துரைக்க எங்களுக்கு அதுவே போதும்.

கெண்டைக்கால் இறுக்கம் இருந்தால் சுவரில் கை ஊன்றி, பின்காலின் முட்டியை நேராக வைத்து 30 விநாடி நீட்டல், மூன்று தடவை. பின்பாதத்தின் விரல்கள் நேர்முன்னே பார்க்க வேண்டும். வெளியே திரும்பினால் கெண்டைக்காலுக்குப் பதில் உள்வளைவுதான் நீளும்.

மறைந்திருக்கும் செலவு, நேரம்தான். 6 வாரத்துக்குள் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. 12 வாரம் கொடுங்கள். பலர் மூன்றாம் வாரத்தில் நிறுத்துகிறார்கள். இன்னும் சிலர் ஆர்வத்தில் தினமும் இருவேளை செய்து தசைநாணைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். பயிற்சிக்கு மறுநாள் காலை வலி கூடியிருந்தால் சுற்றுகளைப் பாதியாகக் குறையுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பயிற்சியால் வலி குறையும், நடை உறுதியாகும், பெரியவர்களின் எலும்பு வடிவம் அப்படியே மாறி வளைவு முளைத்துவிடாது.

இதுவே சிறந்தது: வளைந்து கொடுக்கும் பாதம், எழும்பல் எண்ணிக்கை குறைவு, வீட்டில் வெறுங்கால் நேரம் அதிகம்.

## வழி 2: செருப்பை மாற்றுவது

செலவுக்குக் கிடைக்கும் பலனில் இதற்கு இணை இல்லை, குறிப்பாக நாளெல்லாம் நிற்பவர்களுக்கு. ஆனால் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும்.

ஷூவை இரண்டு கையாலும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது, நட்டநடுவில் இரண்டாக மடிந்தால் வைத்துவிடுங்கள். துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் எதிர்க்க வேண்டும். குதிகாலைச் சுற்றிய பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தட்டைப் பாதத்துக்கு அது அமுங்கக் கூடாது. நீளமான விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் வேண்டும். பாதம் பகலில் சற்று வீங்கும், அதனால் மாலையில் வாங்குங்கள். உயர்வளைவுப் பாதத்துக்குக் கதையே வேறு: மெத்தைதான் முக்கியம். உள்பக்கத்தில் கெட்டியான முட்டு வைத்த ஷூவை அவர்கள் போட்டால், ஏற்கெனவே வெளியே சாயும் கால் இன்னும் வெளியே தள்ளப்பட்டுக் கணுக்கால் பிசகும்.

ஹவாய் செருப்பைக் குறை சொல்வது சுலபம். ஐந்து நிமிடம் கடைக்குப் போய்வர அது போதும். ஆனால் பின்வார் இல்லாததால் விரலால் பற்றியே நடக்க வேண்டியிருக்கிறது, அடி சுருங்குகிறது, தட்டையாகிப்போன பழைய ரப்பர் எந்த அதிர்ச்சியையும் வாங்குவதில்லை. குதிகால் வலி உள்ளவர்கள் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க அதை நம்பக் கூடாது.

எம்.சி.ஆர். செருப்பு என்று நம் ஊர் மருத்துவமனைகளில் எழுதிக் கொடுப்பது நுண்துளை ரப்பரால் ஆனது. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காக வேலூர்ப் பகுதி மருத்துவமனைகளில் பெரிதும் பயன்பட்டு, இன்று சர்க்கரை நோயாளிகளின் செருப்பாக ஊரெங்கும் பரவியிருக்கிறது. அதன் பலம் அழுத்தத்தைப் பரப்புவது. உள்வளைவைத் தூக்கிப் பிடிப்பது அதன் வேலை இல்லை. வளைவு மேடு தனியாக ஒட்டித்தரச் சொல்ல வேண்டும். உணர்வு குறைந்தவர்கள் பின்வார் உள்ளதையே வாங்க வேண்டும், இல்லையென்றால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடப்பார்கள்.

சமையலறையில் நிற்பவர்களுக்கு: வெளியே போடாத, கழுவிய ஒரு ஜோடியை வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். "வீட்டுக்குள் செருப்பா" என்ற தயக்கம் புரிகிறது. பூஜையறை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். குதிகால் வலி இருக்கும் மாதங்களில் அந்த ஐந்து மணி நேரத்தை மீட்டுத் தருவதற்கு வேறு எளிய வழி இல்லை.

ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நிற்பவர்களுக்குச் செருப்போடு இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். மணிக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலும் பாதத்துக்கு ஓய்வு கிடைக்கும். தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

இதுவே சிறந்தது: நாளெல்லாம் நிற்பவர்கள், குதிகால் வலிக்காரர்கள், உயர்வளைவுப் பாதம், சர்க்கரை நோயாளிகள்.

## வழி 3: கடையில் கிடைக்கும் இன்சோல்

முதலில் டேப் போட்டுப் பாருங்கள். நீளாத ஒட்டுடேப், சுமார் 3.8 செ.மீ. அகலம். சுண்டுவிரலின் அடியில் தொடங்கிக் குதிகாலைச் சுற்றிப் பெருவிரலின் அடிவரை ஒரு பட்டை. பிறகு உள்ளங்காலின் குறுக்கே வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக இழுத்து நாலைந்து பட்டைகள். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை போட்டுக் காட்டினால் கற்றுக்கொள்ளலாம். இரண்டு நாளில் வலி தெளிவாகக் குறைந்தால், வளைவைத் தாங்குவது உங்களுக்கு உதவும் என்று அர்த்தம், இன்சோல் வாங்கலாம். ஒரு மாற்றமும் இல்லை என்றால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். தோல் உணர்வு குறைந்தவர்களும் தோல் சிவந்து அரிப்பவர்களும் டேப் போட வேண்டாம்.

வாங்கும்போது வளைவு மேட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உங்கள் விரலுக்கே அமுங்கினால் 60 கிலோ உடம்பை அது எப்படித் தாங்கும்? ஜெல் இன்சோல் மென்மையாக இருப்பதாலேயே நிறைய விற்கிறது. குதிகாலின் அடியில் இதமாக இருக்கும், வளைவுக்கு ஒன்றும் செய்யாது. மேட்டின் உச்சி குதிகாலுக்குச் சற்று முன்னால், வளைவின் மிக உயர்ந்த எலும்புக்குக் கீழே வர வேண்டும். முன்பாதத்தை இடித்தால் அளவு தவறு.

ஷூவோடு வந்த பழைய இன்சோலை எடுத்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும். இரண்டையும் அடுக்கினால் குதிகால் உயர்ந்து, பின்சுவரைத் தாண்டி வழுக்கும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினமும் ஒரு மணி கூட்டி, இரண்டு வாரத்தில் முழுநேரம். உள்வளைவில் கொப்புளம் வந்தாலோ, முட்டியின் வெளிப்பக்கம் புதிதாக வலித்தாலோ மேடு அதிகம். மறைமுகச் செலவு: தடிமன் கூடுவதால் பலர் ஒரு அளவு பெரிய ஷூ வாங்க நேரிடும், மெத்தை ஓராண்டுக்குள் அமுங்கிவிடும். ஹவாய் செருப்பில் வைக்கவே முடியாது.

இதுவே சிறந்தது: தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஷூ, டேப் சோதனையில் பலன், பயிற்சி பலன் தரும்வரை தாக்குப்பிடிக்க உதவி தேவை.

## வழி 4: அளவெடுத்துச் செய்யும் இன்சோல்

இங்கே ஒரு ஆய்வை முன்வைக்காமல் போக முடியாது. ஆஸ்திரேலியாவில் குதிகால் வலி உள்ள 135 பேரை மூன்றாகப் பிரித்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வளைவைத் தாங்காத போலி இன்சோல், கடை இன்சோல், அளவெடுத்த இன்சோல் கொடுத்தார்கள். 2006இல் வெளியான முடிவில், தொடக்க மாதங்களில் கடை இன்சோலும் அளவெடுத்ததும் ஏறக்குறைய ஒரே அளவு சிறிய பலன் தந்தன. ஓராண்டில் மூன்றுக்கும் வித்தியாசமில்லை. சாதாரணக் குதிகால் வலிக்குச் சில ஆயிரங்கள் கொடுக்க இது நியாயம் சொல்லவில்லை.

அதே ஆண்டு, அதே நாட்டில், வலியுள்ள உயர்வளைவுப் பாதக்காரர்கள் 154 பேரிடம் செய்த ஆய்வு வேறு மாதிரி வந்தது. மூன்று மாதத்தில் அளவெடுத்த இன்சோல் போலியைவிடத் தெளிவாக வலியைக் குறைத்தது. உயர்வளைவில் தரையைத் தொடும் பரப்பே குறைவு. பாதத்துக்கேற்ப வார்த்த இன்சோல் நடுப்பகுதியையும் சுமக்க வைப்பதால் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் போகும் அழுத்தம் குறைகிறது.

பணம் கொடுப்பதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். என்னைப் படுக்க வைத்து மூட்டுகளை அசைத்துப் பார்த்தீர்களா, நடக்கச் சொல்லிப் பார்த்தீர்களா? எந்த ஷூவுக்காகச் செய்கிறீர்கள்? என்ன பொருள், எத்தனை மி.மீ.? சரியாக வராவிட்டால் தேய்த்துத் திருத்தித் தருவீர்களா, எத்தனை முறை? நின்றபடி ஸ்கேனரில் ஏறி இறங்கியதும் வரும் வண்ணப் படம் மட்டும் நோயறிதல் ஆகாது. குதிகாலின் கீழே சிவப்பாகத் தெரிவது எல்லாருக்கும் உள்ளதுதான். உடல் எடை அங்கே இறங்குகிறது.

கெட்டியான அடித்தட்டு சில ஆண்டுகள் உழைக்கும், மேலுறையை அதற்கு முன்பே மாற்ற வேண்டிவரும். திருத்தத்துக்காகக் குறைந்தது இரண்டு முறை போய்வரும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுவே சிறந்தது: வலியுள்ள உயர்வளைவு, பழுதாகிவரும் உள்பக்கத் தசைநாண், முடக்குவாதத்தால் உருமாறிய பாதம், உணர்விழந்து புண் வரும் பாதம்.

அறுவை சிகிச்சை இந்த வரிசையில் சேராது. இறுகிய பாதம், கிழிந்த தசைநாண், மாதக்கணக்கில் மற்ற எல்லாம் செய்தும் நடக்க முடியாத வலி என்ற நிலைகளில் எலும்பு மூட்டு மருத்துவர் பேசட்டும். பிறகு பல வாரம் காலை ஊன்ற முடியாது என்பதை வீட்டு வேலை, அலுவலக விடுப்போடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | வெறுங்காலில் உதவுமா | பலன் தெரிய | தவறினால் |
|---|---|---|---|
| பயிற்சி | ஆம் | 6 முதல் 12 வாரம் | தசைநாண் புண்ணாகும், பாதியில் நின்றுபோகும் |
| செருப்பு மாற்றம் | வீட்டுச் செருப்பு வைத்தால் | சில நாள் முதல் சில வாரம் | தவறான வகை கணுக்காலைச் சாய்க்கும் |
| கடை இன்சோல் | இல்லை | 2 முதல் 4 வாரம் | கொப்புளம், ஷூ இறுக்கம் |
| அளவெடுத்த இன்சோல் | இல்லை | 4 முதல் 12 வாரம் | பெரிய செலவு, திருத்தத்துக்கு அலைச்சல் |

## குழந்தைகளுக்கு இந்த ஒப்பீடே வேறு

நடக்கத் தொடங்கும் குழந்தைகள் அனைவருக்கும் பாதம் தட்டையாகவே தெரியும். ஆறு வயதுக்கு மேலும் வளைவு உருவாகிக்கொண்டே இருக்கும். 1989இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் சிறு குழந்தைகளுக்கு மூன்று ஆண்டுகள் திருத்த ஷூவும் இன்சோலும் கொடுத்தார்கள். ஒன்றும் கொடுக்காத குழந்தைகளுக்கும் அவர்களுக்கும் முடிவில் வித்தியாசமில்லை. எல்லாருக்கும் வளைவு வளர்ந்திருந்தது.

நம் நாட்டிலிருந்தே வந்த சான்றும் உண்டு. உடயபாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையிலான 2300 குழந்தைகளைப் பார்த்து 1992இல் எழுதினார்கள். செருப்பு, ஷூ போட்ட குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்கும், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம். மூடிய ஷூவில் அதிகம், திறந்த செருப்பில் குறைவு. பள்ளிவிட்டு வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு மண்ணிலும் புல்லிலும் விளையாட விடுவது செலவில்லாத நல்ல யோசனை. முள், கண்ணாடி இல்லாத இடமாக இருக்கட்டும்.

வலி, ஒரு பக்கம் மட்டும் தட்டை, நுனிக்காலில் நின்றாலும் வளைவு வராமை, மற்றக் குழந்தைகளோடு ஓட முடியாமை ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ராணுவத் தேர்வுக்குப் போகும் இளைஞர்கள் வளைவை "வரவழைக்க" இன்சோல் வாங்குகிறார்கள். அது மருத்துவப் பரிசோதனையில் உதவாது. என்.டி.ஏ., சி.டி.எஸ். அறிவிக்கைகளின் மருத்துவ வழிகாட்டியில், நுனிக்காலில் நிற்கும்போது வளைவு திரும்பத் தோன்றி, நுனிக்காலில் நன்றாக ஓடவும் குதிக்கவும் முடிந்து, பாதம் வலியின்றி வளைந்து கொடுத்தால் ஏற்கலாம் என்று இருந்துவந்திருக்கிறது. உங்கள் ஆண்டின் அறிவிக்கையைப் படித்து உறுதி செய்துகொண்டு, நுனிக்கால் பலத்துக்கு உழையுங்கள்.

## பலன் வருகிறதா என்று பார்ப்பது

தொடங்கும் நாளில் மூன்று எண்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள்: காலை முதல் அடியின் வலி பத்துக்கு எத்தனை, ஒற்றைக்கால் எழும்பல் எத்தனை, வலி வரும்வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது. ஒரே நாளில் இரண்டு வழிகளைத் தொடங்காதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். சீக்கிரம் பலன் தெரியும் செருப்பு முதலில், இரண்டு வாரம் கழித்துப் பயிற்சி, தேவைப்பட்டால் அதன் பிறகு டேப் சோதனையும் இன்சோலும். ஆறாம் வாரத்தில் மூன்றில் ஒரு எண்கூட அசையவில்லை என்றால், செய்முறையை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டித் திருத்துங்கள். பன்னிரண்டாம் வாரத்திலும் அப்படியே என்றால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. போகும்போது பழைய செருப்பையும் அந்தக் காலண்டர் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.